மூன்றாம் டேபிளின் அப்பீல்

கேள்வி கேட்டுப் பிழைப்பவர்களில் போலீஸ்காரருக்கும் வக்கீலுக்கும் பதில் தெரியாது. எங்கள் தொழிலில் மட்டும்தான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு வாங்க வேண்டும். நான் வினாடி வினா நடத்துகிறவள். பெயர் கலா. சினிமா, சரித்திரம், பூகோளம், விளையாட்டு, எதைப் பற்றியும் கேட்பேன். கம்பெனி டின்னர், சமூக மன்ற விழா, கல்யாண விருந்து, எங்கே மைக் கொடுத்தாலும் போவேன். சனிக்கிழமை சாயங்காலமானால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாகுல் பாய் சாப்பாட்டுக் கடையில் இருப்பேன்.

நாலு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து அவமானப்பட்ட சக ஜீவன்களே, உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்லி அழ முடியும். என் பொது அறிவால் என் ஒரே மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று முதலில் தெரிந்தால்தான் தப்பு யார் பேரில் என்று உங்களுக்குப் புரியும்.

என்ன வேலை?

என் வீட்டுக்காரர் சேகர் பஸ் ஓட்டுகிறார். அவர் வேலையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். என் வேலையைச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். ஒரு கல்யாண விருந்தில் அவர் பக்கத்துச் சொந்தக்கார அக்கா ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்கும் டேபிளுக்கும் ஓடினேன், மாப்பிள்ளை வீட்டு மாமாவுக்கும் பெண் வீட்டு மாமாவுக்கும் கபடியில் ஒரு அணிக்கு எத்தனை பேர் என்பதில் வந்த சண்டையை விலக்கினேன், பட்டுப் புடவை நனைய வேர்த்துக் கொட்டினேன். எல்லாவற்றையும் அந்த அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்து, ரொம்ப நல்லா இருந்துச்சு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டார்: “அது சரி கலா, வேலைன்னு என்ன பார்க்கிற?”

பாட்டு சுற்று

குவீன்ஸ்டவுனில் பெரியவர்கள் கூடும் நிலையம் ஒன்றில் மத்தியான நிகழ்ச்சி. பழைய பாட்டுகளின் முதல் இசையைக் கொஞ்சம் ஒலிக்கவிட்டு நிறுத்துவேன், எந்தப் படம் என்று மணியடித்துச் சொல்ல வேண்டும். இதற்காக வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் சரியான இடத்தில் வெட்டி வைத்திருந்தேன். கஷ்டமான சுற்று, யாரும் லேசில் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

முதல் பாட்டு ஒலித்தது. நிறுத்தினேன். ஒருவரும் மணியைத் தொடவில்லை. நான் நிறுத்திய இடத்திலிருந்து கூட்டம் மொத்தமும் பாட ஆரம்பித்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம், நடுவில் வரும் வயலின்கூட வாயாலேயே வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தா தொடையில் தாளம் போட்டார். ‘படத்தின் பெயர் என்ன?’ என்று இடையில் புகுந்து கேட்டேன், காதில் வாங்க ஆளில்லை. அடுத்த பாட்டுக்கும் அதே கதைதான். நானும் விடாமல் ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவே மைக்கில் ‘படம்? படம்?’ என்று கத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் பூ வைத்த அம்மா ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டு பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டினார். “ஏம்மா, இந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!”

முதல் விமானம்

பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலையின் வருடாந்தர விருந்து. நான் கேட்ட கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் எழும்பிப் பறந்தது எங்கிருந்து? பதில் ஃபேரர் பார்க். லிட்டில் இந்தியாவை ஒட்டி அந்தக் காலத்தில் குதிரைப் பந்தய மைதானம் இருந்தது, விமானம் கிளம்பியது அங்கிருந்துதான். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தினம் நடக்கிறவர்களுக்கே இது தெரியாது. நல்ல கஷ்டமான கேள்வி என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதல் டேபிளில் இருந்த முதலாளி எழுந்து நின்று, மைக் இல்லாமலே, இப்போது ஏர்போர்ட் இருக்கிற இடத்தைச் சொன்னார்: “சாங்கி!” அவ்வளவுதான். கடைசி டேபிள் வரைக்கும் எல்லோரும் குனிந்து சாங்கி என்று எழுதினார்கள். ஒரு டேபிளில் ஃபேரர் பார்க் என்று எழுதியிருந்த இளைஞன் அதை அடித்துவிட்டுச் சாங்கி என்று எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘எல்லா டேபிளுமே தப்பு!’ என்று மைக்கில் கூவினேன். விருந்துக்கு வந்திருந்த மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்ட ஆபீஸ் பெண் ஓடி வந்து என் முழங்கையைக் கிள்ளினாள். முடியாது, சரித்திரத்தை மாற்ற முடியாது என்று நான் வசனம் பேசினேன். அவள் அழாக்குறையாகக் கேட்டாள்: “அக்கா, நம்ம கம்பெனிக்குள்ள மட்டும் சாங்கின்னு வச்சுக்கலாமா? வெளியில யாருக்கும் சொல்ல மாட்டோம் லா!”

மறு வருஷம் அங்கே மந்திர வித்தைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

போகாத இடம்

இனி சாகுல் பாய் கடை. ஜெயிக்கிற டேபிளுக்குப் பிரியாணி பாய் செலவில். அதனால் ஆள் குறைவாக இருக்கிற டேபிள் ஜெயிக்க வேண்டும் என்று பாய் கல்லாவில் நின்று துவா செய்வார். வாராவாரம் வரும் அணிகளில் மூன்றாம் டேபிள் ராஜமாணிக்கம் அண்ணன் தனி ரகம். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கூட இரண்டு நண்பர்கள். உலகத்தில் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் ‘நான் போயிருக்கேன்’ என்பார். பதில் தப்பு என்று நான் சொன்னால் கையைத் தூக்கி ‘அப்பீல்!’ என்பார். கிரிக்கெட் அம்பயரிடம் கேட்கிற மாதிரியே கேட்பார். எங்கள் தொழிலில் நடத்துகிறவர் தீர்ப்பே முடிவு. அவருடைய அப்பீல் ஒன்றுகூட என்னிடம் ஜெயித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, உலகிலேயே பெரிய பாலைவனம் எது என்று கேட்டேன். சஹாரா என்றார் அண்ணன், அலட்சியமாக. தப்பு, அண்டார்டிக்கா என்றேன். மழை இல்லாத இடம்தான் பாலைவனம், மணல் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பனி இருந்தாலும் அது பாலைவனம்தான் என்று விளக்கினேன். அந்த ஒரு மார்க்கில் மூன்றாம் டேபிள் தோற்றது, பிரியாணி பக்கத்து டேபிள் பல்கலைக்கழகப் பசங்களுக்குப் போனது. அண்ணன் அப்பீல் என்று எழுந்தார். நான் தள்ளுபடி என்றேன். அதோடு விட்டேனா? ‘அங்கெல்லாம் நீங்க போயிருக்கீங்களாண்ணே?’ என்று மைக்கிலேயே நக்கலாகக் கேட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “நான் போகலம்மா. நீங்களும் போகல. அப்புறம் நீங்க எந்தத் தைரியத்துல தப்புன்னு சொல்றீங்க?”

வீட்டில் விழுந்த இடி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் மகள் மதி எதிரில் வந்து உட்கார்ந்தாள். செங்காங்கில் எங்கள் வீட்டு ஹாலில் அவள் சும்மா வந்து உட்காருகிற ஆள் இல்லை. ‘அம்மா, நானும் பிரவீனும் பிடிஓ வீட்டுக்குப் போட்டிருக்கோம், நம்பர் வந்துடுச்சு’ என்றாள். இந்த ஊரில் இதைவிடத் தெளிவாக யாரும் காதலைச் சொல்ல முடியாது. அரசாங்க வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பித்துவிட்டார்கள் என்றால் பெற்றவர்களுக்குச் சாப்பாட்டு மெனுவைத் தவிர வேறெதிலும் பேச்சுரிமை கிடையாது. யார் பிரவீன் என்றேன். போனில் படத்தைக் காட்டினாள். நல்ல பையன், சிரித்த முகம், தோளில் கை போட்டபடி அப்பா. வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி.

போச்சுடா! மூன்றாம் டேபிள் ராஜமாணிக்கம் அண்ணன்! அண்ணனுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. பொண்ணு கேட்டு வீட்டுக்கு வருவாரா என்று மகன் கேட்டதற்கு, ‘பார்க்கலாம்’ என்றாராம். பொண்ணோட அம்மா ரொம்பக் கறார் என்றாராம். அப்பா மனசார வந்து தட்டை வைக்காமல் கல்யாணம் வேண்டாம், காத்திருக்கலாம் என்கிறானாம் பையன். மதி அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய் என்றாள். நான் என்னடி செய்யட்டும், அண்டார்டிக்காவைச் சின்னதாக்கவா என்று எரிந்து விழுந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “சின்ன வயசுலேருந்து என்கிட்டகூட நீ விட்டுக் கொடுத்ததில்லம்மா. சரி, என்னை விடு. அந்த அங்கிளுக்காவது ஒரு மார்க் போடேன்!”

துறைமுகச் சுற்று

யோசனை சொன்னது என் வீட்டுக்காரர். பொய் மார்க் போட வேண்டாம், அவருக்குத் தெரிந்ததைக் கேள், அவரே ஜெயித்துவிட்டுப் போகிறார் என்றார். அடடா, பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு எவ்வளவு மூளை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு முழுச் சுற்றும் கப்பல், கடல், துறைமுகம், கால்வாய். எனக்கே கூச்சமாக இருந்தது. பாய் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாம் டேபிளில் மூன்றே பேர் என்பது ஞாபகம் வந்ததும் அவரும் சமாதானமாகிவிட்டார்.

அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் பனாமா கால்வாய் வழியாகப் போகிற கப்பல் எந்தத் திசையில் போகும்? அண்ணன் முதல் ஆளாக மணியை அடித்தார். எனக்கு உயிர் வந்தது. ‘மேற்கு. நான் போயிருக்கேன்’ என்றார். கடவுளே! எல்லோரும் மேற்கு என்றுதான் நினைப்பார்கள், ஆனால் அந்தக் கால்வாய் வளைந்து தென்கிழக்கில் போகிறது. கப்பலில் போனவருக்குத் தெரியும் என்று நம்பி நானே கண்ணியை வைத்து அவரையே அதில் தள்ளிவிட்டேன். ‘இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்கண்ணே’ என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். நான் இதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யோசிச்சாச்சு, மேற்குதான் என்றார்.

அதன் பிறகு மிச்சக் கேள்விகளிலும் பாதி அவருக்குத் தப்பு. பல்கலைக்கழகப் பசங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மதியிடம் என்ன சொல்வேன் என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அண்ணனின் நண்பர் என் பக்கம் குனிந்து ரகசியம் சொன்னார்: “ஏன் மேடம் இவனைப் போயி திசையெல்லாம் கேட்கிறீங்க? இவன் எஞ்சின் ரூம்ல இருந்தவன். உலகம் பூரா போயிருக்கான், எதையும் பார்த்ததில்ல.”

பதினாலு இறகு

அதற்கடுத்த சனிக்கிழமை மதியும் பிரவீனும் சாகுல் பாய் கடைக்கே வந்து, கல்லா பக்கத்தில் ஒரு சின்ன டேபிளில் உட்கார்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு வருகிறீர்களா என்று பையன் மறுபடி கேட்டதற்கு, ‘சனிக்கிழமை முடியட்டும், பார்க்கலாம்’ என்றிருக்கிறார் அண்ணன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனசில் என்னதான் இருக்கிறது? என் மகள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கேள்விகளை ஆரம்பித்தேன்.

கடைசிச் சுற்று முடிந்தபோது மூன்றாம் டேபிளும் பசங்கள் டேபிளும் சமம். முடிவுக்கு ஒரே கேள்வி, யார் முதலில் மணியடிக்கிறாரோ அவருக்கே வாய்ப்பு. விளையாட்டுக் கேள்வியை எடுத்தேன். பூப்பந்து ஆட்டத்துக்கான இறகுப் பந்தில் எத்தனை இறகு இருக்கும்? கேள்வி முடிவதற்குள் மணி அடித்தது. மூன்றாம் டேபிள். அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பதினாலு.”

பதினாறு. பதினாறுதான் பதில். என் தொண்டை வரைக்கும் வந்தது. கல்லா பக்கம் மதியின் முகம் தெரிந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னோடு விளையாடித் தோற்றுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாளே, அதே முகம். சரித்திரமாவது பூகோளமாவது, என் பிள்ளையைவிட எனக்கு எது பெரிசு? கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் சொல்லிவிட்டேன். “சரியான விடை!”

கைதட்டல் விழவில்லை. பசங்கள் டேபிளில் ஒருவன் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். பாய் பிரியாணி எடுக்க உள்ளே திரும்பினார். அப்போது மூன்றாம் டேபிளில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. “அப்பீல்!” என்றார் ராஜமாணிக்கம் அண்ணன்.

உங்களுக்குத்தானேண்ணே மார்க் போட்டேன், அப்புறம் எதுக்கு அப்பீல் என்றேன். அவர் நேராக என்னைப் பார்த்துப் பேசினார். “நான் குருட்டாம்போக்குல அடிச்சு விட்டேன். உங்க மூஞ்சியைப் பார்த்ததுமே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வேணும்னே போடுறீங்க. அந்தப் பாலைவனத்தை நானும் வீட்ல போய்த் தேடிப் பார்த்தேன், நீங்க சொன்னதுதான் சரி. யாருக்கும் பயப்படாம தப்பைத் தப்புன்னு சொல்ற வீடு, அந்த வீட்டுப் பொண்ணுதான் நமக்கு வேணும்னு நேத்துதான் என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். இப்ப நீங்களே இப்படிப் பண்ணா என் மானம் என்னாகிறது?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அண்ணன் பக்கத்து டேபிளைக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார். “மார்க்கை அந்தப் பிள்ளைங்களுக்குப் போடுங்க சம்பந்தியம்மா.”

ஆக, ஊருக்கெல்லாம் விதி பேசித் திரிந்த எனக்கு இப்போது ஒரே ஒரு விதிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது: கேள்வி கேட்கிறவரின் சொந்தக்காரர்கள் போட்டியில் உட்காரக்கூடாது என்பதைக் கல்யாணத்துக்குள் சம்பந்தியிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.